மரண பயமும் கூர்ப்பும்: அந்த வினாத்தாளை நான் கடந்த விதம்

பெறுபேறு வந்துவிட்டது. உளவியல் இறுதியாண்டில் எல்லோரையும் சாய்த்துப்போடும், மனித நடத்தையைக் கூர்ப்பின் (பரிணாமத்தின்) வழியே விளக்கச் சொல்லும் அந்த நடத்தை வினாத்தாளில் எனக்கு ஏ. கல்முனையிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் என்னுடன் எழுதியவர்களில் பலருக்கு அதே வினாத்தாள்தான் வகுப்புச் சித்தியைக் கெடுத்தது. அவர்கள் என்னைவிடக் குறைவாகப் படித்தவர்கள் அல்லர். கூடுதலாக மனனம் செய்தவர்கள். அதனால் எனக்கு மகிழ்ச்சியோடு கோபமும் இருக்கிறது. பிரதி எடுத்துப் பிரதி எடுத்து எழுத்தே மங்கிப்போன ஒரு குறிப்பு கைமாறி வருகிறதே, அதன் முதற்பக்கத்தில் உள்ள ஒரு வாக்கியம்தான் அத்தனை பேரையும் கவிழ்த்தது: "மனிதன் உயிர்பிழைக்க வேண்டும் என்பதற்காக இயற்கை அவனுக்கு மரண பயத்தைக் கொடுத்தது." இப்படித் தொடங்கும் விடையை அதற்குப் பிறகு யாராலும் காப்பாற்ற முடியாது.

வினாத்தாளின் அமைப்பு, அடுத்து அதை எழுதப்போகும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் பேசப்போவது கட்டுரைப் பகுதியைப் பற்றி மட்டும்.

என்னைக் கரைசேர்த்தது ஒரே ஒரு பழக்கம். எந்த வினாவானாலும், எழுதத் தொடங்கும் முன் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து இரண்டு நிரல்கள் போடுவேன். இடப்பக்கம்: இது இப்போது உடலிலும் மனத்திலும் எப்படி நடக்கிறது? வலப்பக்கம்: இப்படி நடக்கும் உடல் முன்னோரிடையே ஏன் தேர்வாகியது? உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் மாயர் 1961இல் பிரித்துக் காட்டிய அண்மைக் காரணமும் இறுதிக் காரணமும் இவைதான். விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் 1963இல் அதை நான்கு வினாக்களாக விரித்தார். நான்கும் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சை மண்டபத்தின் அவசரத்துக்கு இரண்டு போதும். இதைத் தவிர வேறு எதையும் நீங்கள் படிக்காமல் போனாலும் சித்தியடைவீர்கள் என்றுகூடச் சொல்வேன். மிகைதான், ஆனாலும் சொல்வேன்.

மரண பயத்தை இந்த நிரல்களில் எங்கே வைப்பது என்பதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. அப்பாவுக்கு வெல்லாவெளிப் பக்கம் வயல். வேளாண்மை கதிர் விடும் காலத்தில் இரவுக் காவலுக்குப் போவார். ஒரு முறை யானை பரணுக்கு மிக அருகில் வந்துவிட்டது. இறங்கி ஓடித் தப்பினார். பயமாக இருந்ததா என்று கேட்டேன். "அந்த நேரம் பயப்பட எங்கே மகள் நேரம்? கால் ஓடியது, நான் பின்னால் போனேன்" என்றார். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் எழுதியதும் இதற்கு மிக அருகில்தான்: பயந்ததால் ஓடுவதில்லை, ஓடும் உடலை உணர்வதே பயம். அதே அப்பா, கூட்டாளி ஒருவரின் எட்டுச் செலவுக்கு (இறந்த எட்டாம் நாள் சடங்குக்கு) போய்வந்த இரவில் உறங்கவில்லை. தமக்குப் பிறகு வயலை யார் பார்ப்பது, தங்கச்சியின் சீதன வீட்டுக் கூரையை யார் போடுவது என்று விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் யானையும் இல்லை, ஆபத்தும் இல்லை.

முதலாவது ஆபத்துக்கான எதிர்வினை. மானுக்கும் எலிக்கும் அது உண்டு. இயற்கைத் தேர்வு அதன்மேல் நேரடியாக வேலை செய்திருக்கிறது. இரண்டாவது மரணத்தைப் பற்றிய அறிவு. அதற்கு 'நான்' என்ற உணர்வும், நாளையைக் கற்பனை செய்யும் ஆற்றலும் வேண்டும். அந்த ஆற்றல்கள் திட்டமிடவும் கூட்டாக வாழவும் பயன்பட்டதால் தேர்வாகின; சாவு வரும் என்ற அறிவு அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த பக்கவிளைவு என்பதே எனக்கு ஏற்புடைய வாதம். குறிப்பின் வாக்கியம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அங்கேயே புள்ளி போகிறது.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் டார்வினை எழுதுங்கள். இலண்டன் மிருகக்காட்சிசாலையில், நஞ்சுள்ள விரியன் இருந்த கண்ணாடிப் பெட்டியோடு முகத்தை ஒட்டிவைத்து, அது கொத்த வந்தாலும் அசைவதில்லை என்று உறுதி எடுத்தார். பாம்பு பாய்ந்ததும் பின்னால் துள்ளிவிட்டார். நடுவில் தடித்த கண்ணாடி இருப்பது அறிவுக்குத் தெரியும். உடலுக்கு அது பொருட்டில்லை. 1872ஆம் ஆண்டு நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். அதன் பின் உளவியலாளர் சூசன் மினேக்காவின் குரங்குகள். ஆய்வுகூடத்தில் வளர்ந்த அந்தக் குரங்குகளுக்குப் பாம்புப் பயம் இல்லை. பாம்பைக் கண்டு அஞ்சும் இன்னொரு குரங்கை ஒளிப்பதிவில் பார்த்ததும் அவையும் பழகிக்கொண்டன. பதிவைத் தொகுத்து, அதே குரங்கு பூவைக் கண்டு அஞ்சுவதுபோலக் காட்டியபோது பழகவில்லை. பயம் பிறவியிலேயே முழுதாக வருகிறது என்பதும் தவறு, முழுதும் கற்றுக்கொண்டது என்பதும் தவறு. எளிதாகக் கற்றுக்கொள்ளும் சாய்வுதான் பிறவியில் வருகிறது. இந்த இரண்டையும் எழுதினால் வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

உளமருத்துவர் ராண்டோல்ஃப் நெஸ்ஸின் 'புகை எச்சரிக்கைக் கருவி'க் கொள்கையையும் இங்கேயே சேருங்கள். சருகின் ஓசைக்கு வீணாக ஓடினால் போவது கொஞ்சம் மூச்சு. ஓடாமல் நின்று அது உண்மையில் யானையாக இருந்தால் போவது உயிர். ஆகவே தேவைக்கு மேல் பயப்படும் உடலே நிலைத்தது. பதற்றக் கோளாறு பற்றிய வினாவுக்கும் இது பொருந்தும்.

இனி, எல்லோரும் தடுக்கி விழும் இடம். இயற்கைத் தேர்வின் கணக்கு உயிர்பிழைப்பில் முடிவதில்லை; பரம்பரையலகின் (ஜீனின்) பிரதிகள் எத்தனை அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்பதில்தான் முடிகிறது. உயிர்பிழைப்பு அதற்கான வழி மட்டும். இதை விளங்கிக்கொண்டால், பிள்ளைக்காகத் தாய் உயிரைக் கொடுப்பது கூர்ப்புக்கு முரண் என்று எழுதமாட்டீர்கள். உயிரியலாளர் வில்லியம் ஹமில்டனின் 1964 விதி: உறவின் அளவால் பெருக்கிய நன்மை, செலவைவிடப் பெரிதாக இருந்தால் அந்த உதவி பரவும். பிள்ளைக்கும் உடன்பிறந்தாருக்கும் 1/2, உடன்பிறந்தாரின் பிள்ளைக்கு 1/4, ஒன்றுவிட்ட சகோதரருக்கு 1/8. இரண்டு சகோதரர்களுக்காக அல்லது எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காக உயிரைக் கொடுக்கத் தயார் என்று மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் புவனேஸ்வரில் இறந்ததும் 1964இல்தான். ஆண்டை நான் அப்படித்தான் நினைவில் வைத்தேன்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றை எழுதினேன். அதற்கு நல்ல புள்ளி கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன். மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியில் போகிறது, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும். வீடு மகளுக்கு. மருமக்கள் (சகோதரியின் பிள்ளைகள்) விடயத்தில் அம்மானுக்கு, அதாவது தாய்மாமனுக்கு, தனி உரிமை. உயிரியலாளர் ரிச்சர்ட் அலெக்சாண்டர் 1974இல் ஒரு கருத்து வைத்தார்: தந்தை யார் என்ற உறுதி குறைந்த சமூகங்களில், ஆணுக்குத் தன் மனைவியின் பிள்ளையைவிடச் சகோதரியின் பிள்ளையே நிச்சயமான உறவு, அதனால் தாய்மாமன் முதன்மை பெறுகிறான். இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தி எழுதிவிட்டு ஊருக்குள் திரும்பிப்போக முடியாது என்பது ஒருபுறமிருக்க, வாதமாகவும் அது பிழை. இங்கே குடியோடு கோயில் உரிமையும் காணியும் சீதனமும் பின்னிக் கிடக்கின்றன. தகப்பன் பிள்ளைக்குச் செய்வதும் குறைவில்லை. கோட்பாட்டைச் சொல்லுங்கள், நம் ஊரில் அது எங்கே பொருந்தவில்லை என்றும் சொல்லுங்கள். திருத்துபவருக்கு இரண்டாவதுதான் புதிது.

2004 டிசம்பர் 26 சுனாமியை எடுத்துக்காட்டாக எழுதுவதைப் பற்றி: வேண்டாம். அந்தக் குறிப்பில் அதற்கு ஒரு பத்தியே இருக்கிறது, யார் யாரை விட்டு ஓடினார் என்று. உங்கள் தாளைத் திருத்துபவர் நாவலடியிலோ கல்லடியிலோ யாரையாவது இழந்தவராக இருக்கலாம். அந்த நாளில் நடந்ததை ஹமில்டன் விதிக்குள் அடக்க எனக்குக் கை வரவில்லை.

மரண அச்ச முகாமைக் கோட்பாடு எப்படியும் வரும். சுருக்கமாக:

- மானிடவியலாளர் ஏர்னஸ்ட் பெக்கரின் 1973 நூலே ஊற்று. அவர் 1974இல் இறந்த பிறகுதான் அந்நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.
- கிரீன்பேர்க், பிஸ்சின்ஸ்கி, சொலமன் மூவரும் 1986இல் அதைச் சோதிக்கக்கூடிய கோட்பாடாக்கினர். சாவின் நினைவு எழும்போது மனிதர் தம் பண்பாட்டு நம்பிக்கைகளையும் சுயமதிப்பையும் இறுகப் பற்றுகிறார்கள் என்பது சாரம்.
- 1989 சோதனை: அரிசோனாவின் டுசோன் நகரில் 22 நீதிபதிகள். தம் சாவைப் பற்றி எழுதவைக்கப்பட்டவர்கள், பாலியல் தொழில் வழக்கு ஒன்றில் சராசரியாக 455 டொலர் பிணை விதித்தார்கள், மற்றவர்கள் 50.
- இதோடு நிறுத்தினால் அரைப்புள்ளி. 21 ஆய்வுகூடங்கள் இணைந்து, இக்கோட்பாட்டின் வேறொரு பழைய சோதனையை மீளச் செய்து, 2022இல் வெளியிட்ட ஆய்வில் எதிர்பார்த்த விளைவு தென்படவில்லை.
- கூர்ப்புத் தரப்பிலிருந்து கேர்க்பற்றிக்கும் நவரெட்டும் 2006இல் வைத்த எதிர்வாதம் இன்னும் ஆழமானது: 'உயிர்வாழும் இயல்பூக்கம்' என்று பொதுவான ஒன்று கிடையாது, பாம்புக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, மூச்சடைப்புக்கு ஒன்று என்று தனித்தனி அமைப்புகளே உண்டு. கோட்பாட்டின் அத்திவாரத்திலேயே இது கைவைக்கிறது.

இந்தக் கடைசி வாதத்தைத்தான் நான் விடையின் நடுவில் வைத்தேன். யானையும் எட்டுச் செலவும் தெரிந்த எனக்கு அது புதிதாகவே படவில்லை.

சடங்கு பற்றிய வினாவுக்குப் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைத் தொடலாம். உயிரியலாளர் சஹாவி 1975இல் சொன்ன, விலைகொடுத்துக் காட்டும் சமிக்ஞை அதில் தெரிகிறது: போலியாகச் செய்ய முடியாததால்தான் பார்ப்பவர் நம்புகிறார்கள். ஸ்பெயினில் ஒரு கிராமத்துத் தீமிதிப்பில், நெருப்பில் நடந்தவரின் இதயத் துடிப்போடு பார்த்துநின்ற உறவினரின் துடிப்பும் ஒத்துப்போனதை 2011இல் வெளிவந்த ஆய்வு பதிந்திருக்கிறது. தொடர்பில்லாத பார்வையாளரிடம் அந்த ஒத்திசைவு இல்லை. பக்தியைக் கேலி செய்யும் தொனி எங்கும் வேண்டாம். சஹாவி சொல்வது வலது நிரல். நேர்த்தியும் நம்பிக்கையும் இடது நிரல். இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை.

படிக்கும் முறை பற்றிப் பலர் கேட்டார்கள். நான் இரவில், தனியாக, சத்தம் போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒருவருடன் சண்டை பிடிப்பவள்போலப் படிப்பவள். கூட்டாகப் படித்தால் எல்லோரும் ஒருவரையொருவர் ஆமோதித்து அதே பிழையோடு எழுந்துபோகிறார்கள். உங்களுக்குக் கூட்டம்தான் ஒத்துவரும் என்றால், எதிர்த்துப் பேசும் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில:

- நிலையாமைக் குறளோடு கட்டுரையைத் தொடங்காதீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.
- 'இயற்கை விரும்பியது', 'பரம்பரையலகு திட்டமிட்டது' என்ற சொற்களை வெட்டுங்கள். தேர்வுக்கு நோக்கம் கிடையாது.
- கூர்ப்பில் வந்தது என்பதால் அது சரியானது என்று ஆகாது. சாதி, வன்முறை, ஆணாதிக்கம் பற்றி எழுதும்போது இதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.
- பிராய்டின் மரண இயல்பூக்கத்துக்கு இரண்டு வரி போதும்.

பயமே இல்லாத மனிதர் சாத்தியமா என்ற வினா இம்முறை வரவில்லை. அடுத்த முறை வரும் என்று நினைக்கிறேன். அதற்கு எஸ். எம். என்று மட்டும் ஆய்வுகளில் குறிக்கப்படும் பெண்ணை ஆயத்தம் செய்யுங்கள். அரிய நோயொன்றால், பயத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலா இருபக்கமும் அழிந்துபோனவர். பாம்பும் சிலந்தியும் அவரிடம் பயத்தை எழுப்பவில்லை. ஆனால் 35 சதவீதக் காபனீரொட்சைட்டு கலந்த காற்றை ஒரு முறை மூச்சிழுக்கச் செய்தபோது பீதியடைந்தார். அந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு பாதை, உடலுக்குள் எழும் எச்சரிக்கைக்கு வேறு பாதை என்று இடது நிரலில் எழுதிவிட்டு, அங்கிருந்து கேர்க்பற்றிக், நவரெட் இருவரின் 2006 வாதத்துக்குத் தாவுங்கள். ஆண்டு நினைவுக்கு வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஊகித்து எழுதுவதைவிட அது மேல்.