அப்பாவும் வார்ஃபரினும்

மார்ச் 3
மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அப்பா நேற்றே சொன்னார். இன்று முகமெல்லாம் வெளுத்துக் கிடந்தார். துருவிக் கேட்டதும்தான், "வெளிக்கு ரெண்டு நாளா கறுப்பாப் போகுதுடா" என்றார். போய்ப் பார்த்தேன். தார் போல ஒட்டிக்கொண்டு பளபளவென்று இருந்தது, சகிக்க முடியாத நாற்றம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும், ஆனால் அப்பா அதைச் சாப்பிடுவதில்லை. சீரற்ற இதயத்துடிப்புக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதோ என்று பயம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம்.

ஹீமோகுளோபின் 6.8, மிகவும் குறைவு. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டியது, 5.8 இருந்தது. வைட்டமின் கே-வின் வேலையைத் தடுத்துத்தான் வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் அதை முறிக்கும் மருந்தும் வைட்டமின் கே தான். அது வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும் என்பதால், உறைதலுக்கான காரணிகளையும் நேரடியாக நரம்பில் ஏற்றினார்கள். ரத்தமும் ஏறுகிறது.

மார்ச் 4
எண்டோஸ்கோப்பி முடிந்தது. முன்சிறுகுடலில் புண், அதில் கசியும் ரத்தக்குழாய். கிளிப் போட்டு நிறுத்திவிட்டார்கள்.

வேறென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று மருத்துவர் கேட்டதும் அம்மா பையைக் கவிழ்த்தார். மூட்டுவலிக்கு அப்பாவாகவே வாங்கிய டைக்ளோஃபினாக், பல்வலிக்குப் பல் மருத்துவர் எழுதிக் கொடுத்த கிருமிக்கொல்லி மெட்ரோனிடசோல். முதலாவது குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். இரண்டாவது, வார்ஃபரின் உடலில் சிதைவதைத் தடுத்து ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். வார்ஃபரின் சாப்பிடுவதைப் பல் மருத்துவரிடம் அப்பா சொல்லவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டாமா? இன்னும் மனசு ஆறவில்லை.

மார்ச் 6
மலம் இன்னும் கறுப்புதான். உள்ளே தங்கிய பழைய ரத்தம் வெளியேறச் சில நாள் ஆகுமாம். ஹீமோகுளோபின் இறங்கவில்லை, அதுதான் நிம்மதி.

மார்ச் 10
"அந்த மருந்தே வேண்டாம்" என்று அக்கா ஒரே பிடிவாதம். அவள் பயம் புரிகிறது. ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால் இதயத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம், இவர் வயதுக்கு அந்த ஆபத்துதான் பெரிது என்றார் இதய மருத்துவர். அதற்குப் பதில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான அபிக்சபான் கொடுக்கலாமாம், அதில் வயிற்று ரத்தக்கசிவு வார்ஃபரினை விட அதிகமில்லை. இதயத்தில் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கு அது ஆகாது, அப்பாவுக்கு வால்வுப் பிரச்சினை இல்லை. கூடவே அமிலத்தைக் குறைக்க பான்டோபிரசோல். அக்கா அரை மனதாகச் சரி என்றாள்.

இப்படிப் புண்ணை உண்டாக்கக்கூடிய ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. ஆனால் ரத்தம் கசியும் நேரத்தில் எடுத்த சோதனை தவறாகவும் காட்டலாம், அப்புறம் மறுபடி எடுக்க வேண்டும்.

மார்ச் 14
அபிக்சபான் தொடங்கியாயிற்று. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டுமாம். மூட்டுவலிக்கு இனி பாரசிட்டமால் மட்டும். அது போதவில்லை என்று முனகுகிறார். பிசியோதெரபிக்குக் கேட்டு வைத்திருக்கிறேன்.