வீட்டு வன்முறைச் சட்டம் யாருடைய பக்கம்?

யாழ்ப்பாணத்தில் ஆண்கள் கூடும் இடம் சலூனாக இருந்தாலும் சனசமூக நிலையமாக இருந்தாலும், குடும்பச் சண்டையைப் பற்றிய பேச்சு எழுந்தால் "சட்டம் எல்லாம் பொம்பிளையளின்ர பக்கந்தான்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் விடுவதில்லை. அண்மைக் காலத்தில் இந்தக் கூற்று முன்னரைவிட உரத்துக் கேட்கிறது. இந்தியத் தொலைக்காட்சி விவாதங்களும் யூடியூப் காணொளிகளும் அதற்கு ஊட்டம் கொடுக்கின்றன. அங்கே அந்த விவாதத்துக்குச் சட்டத்திலேயே ஓர் அடிப்படை உண்டு. 1983 இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498ஏ பிரிவு, கணவனும் அவனது உறவினரும் மனைவிக்கு இழைக்கும் கொடுமையை மட்டுமே குற்றமாக்கியது. 2005 இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டமும் பெண்ணுக்கு மட்டுமே பாதுகாப்பு அளிக்கிறது. 498ஏ பிரிவின் கீழ் முறைப்பாடு கிடைத்தவுடன் இயந்திரம் போலக் கைது செய்யக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றமே 2014 இல் அர்னேஷ் குமார் வழக்கில் பொலிஸாருக்கு அறிவுறுத்தியது. ஆகவே அங்குள்ளவர்கள் வாதிடட்டும். அந்த வாதத்தை அப்படியே தூக்கிவந்து நல்லூரிலும் சாவகச்சேரியிலும் வைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் இங்கே உள்ள சட்டம் வேறு.

இலங்கைப் பாராளுமன்றம் அதே 2005 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று கேட்பதே இல்லை. கணவன் மனைவியருக்கு எதிராகவும், முன்னாள் துணைவருக்கு எதிராகவும், சேர்ந்து வாழும் துணைவருக்கு எதிராகவும் விண்ணப்பம் செய்யலாம். பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சகோதரர்கள், துணைவரின் பக்கத்து உறவினர் என்று எதிர்மனுதாரராகக்கூடியோரின் வட்டம் விரிந்தே செல்கிறது. மனைவியால் தாக்கப்படும் கணவனும், மாமியாரால் துன்புறுத்தப்படும் மருமகளும் ஒரே நீதவான் நீதிமன்றத்தின் ஒரே வாசலால் உள்ளே போகலாம். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டமும் அவ்வாறே அமைந்திருக்கிறது: தன்னைத் தானே பராமரிக்க இயலாத கணவன், வசதியுள்ள மனைவியிடமிருந்து தாபரிப்புக் கோர அந்தச் சட்டத்தில் இடமுண்டு. இதைச் சொன்னால் நம்மவர்களில் பலர் நம்புவதில்லை.

இன்னொரு பயமும் பரவலாக இருக்கிறது. மனைவி ஒரு முறைப்பாட்டைக் கொடுத்தாலே கணவன் சிறைக்குப் போய்விடுவான் என்பது அது. நமது 2005 ஆம் ஆண்டுச் சட்டம் புதிய குற்றம் எதனையும் உருவாக்கி ஆளைப் பிடித்து அடைக்கும் சட்டம் அன்று. அது, வன்முறை செய்பவரைத் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளையை நீதிமன்றத்திடமிருந்து பெறுவதற்கான குடியியல் வழி. நிலைமை அவசரமானது என்று நீதவான் கருதினால் இடைக்காலக் கட்டளை ஒன்றை உடனே வழங்கலாம். விசாரணை 14 நாட்களுக்குள் நடத்தப்பட வேண்டும். அதன் பின்னர் வழங்கப்படும் கட்டளை 12 மாதங்களுக்கு மேற்படாது. அந்தக் கட்டளையை மீறினால்தான் 10,000 ரூபா வரையான தண்டமோ ஓராண்டு வரையான சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். காயம் ஏற்படுத்தியதற்காகத் தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் தொடரப்படும் வழக்கு தனியானது, அதுவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானதே.

அப்படியானால் ஆண்களின் குறையில் உண்மையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வேன். எங்கள் பகுதியில் கலியாணத்தின்போது வீடும் காணியும் பெரும்பாலும் பெண்ணின் பெயரில் சீதனமாக எழுதப்படுகின்றன. மாப்பிள்ளை அந்த வீட்டில் வந்து குடியேறுகிறார். அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று கட்டளை வந்தால் அவருக்குப் போக்கிடம் இல்லை. பெற்ற தாய் தந்தையின் வீடு அநேகமாகத் தங்கைக்கு எழுதப்பட்டிருக்கும், அங்கே இன்னொரு மாப்பிள்ளை குடியிருப்பார். நாற்பது வயதைத் தாண்டிய ஓர் ஆண் பையுடன் ஒழுங்கையில் நிற்கும்போது ஊர் அவரைப் பார்க்கும் பார்வை கொடியது. சட்டம் இதனைக் கவனிக்காமலும் விடவில்லை, ஏனெனில் கட்டளையால் எதிர்மனுதாரருக்கு ஏற்படக்கூடிய இடர்ப்பாட்டையும் நீதிமன்றம் கருத்திற்கொள்ள வேண்டும் என்று அது கூறுகிறது. ஆனாலும் அடி வாங்கியவள் தன் சீதன வீட்டை விட்டு ஓடுவதைக் காட்டிலும், அடித்தவர் சில மாதங்கள் வாடகை அறையில் இருப்பது நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே சீதன வீட்டைப் பற்றி ஆண்கள் பேசாத ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பெயரில் உள்ள காணியையோ வீட்டையோ விற்கவும் ஈடு வைக்கவும் கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெற வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கணவனுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. அவளை அடித்ததற்காக நீதவான் நீதிமன்றத்தால் விலக்கி வைக்கப்பட்ட மனிதர், அவளுடைய காணி உறுதியில் கையெழுத்துப் போட மறுத்து, பிள்ளையின் படிப்புச் செலவுக்குக்கூட அவள் அந்தக் காணியைப் பயன்படுத்த முடியாமல் செய்யலாம். நியாயமின்றிச் சம்மதம் மறுக்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்பது உண்மைதான். ஆனால் அது இன்னொரு வழக்கு, இன்னொரு சட்டத்தரணி, இன்னும் பல தவணைகள். தண்டனைச் சட்டக் கோவையிலும், நீதிமன்றத் தீர்ப்பின்படி பிரிந்து வாழும் மனைவியைத் தவிர வேறு எந்த மனைவியையும் கணவன் வன்புணர்ந்தால் அது குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. சட்டம் பெண்ணின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

2019 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய நாடளாவிய ஆய்வில், துணைவருடன் வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர், அதாவது ஐவரில் ஒருவர், தம் வாழ்நாளில் துணைவரின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருந்தார்கள். அந்த ஆய்வு பெண்களிடம் மட்டுமே கேட்கப்பட்டது என்று ஒரு நண்பர் எனக்கு எதிர்வாதம் வைத்தார். அது சரியான வாதம். ஆண்களிடமும் கேட்க வேண்டும். ஆனால் கேட்கப்படாத கேள்வியின் பதிலை முன்கூட்டியே எழுதி, கேட்கப்பட்ட கேள்வியின் பதிலை அழிப்பது நேர்மையாகாது.

ஆண்களுக்கு நீதி வேண்டும் என்று உண்மையாகவே கருதுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நம் வீடுகளின் விறாந்தைகளில் இருக்கும் முதியவர்களை. வலிகாமத்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற அரச ஊழியர், ஓய்வூதியம் வரும் நாளில் மகனிடம் அடி வாங்குகிறார். காணியை எழுதித் தரச் சொல்லியும் அடி விழுந்திருக்கிறது. இந்த அடியிலிருந்து வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவரையும் காக்கும், சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகினால் உதவியும் பெறலாம் என்று நான் எடுத்துச் சொன்னபோது, "பெத்த பிள்ளையைக் கோட்டில ஏத்தச் சொல்லுறியளோ தம்பி" என்று அவர் கேட்டார். மனைவியரும் வேறு சொற்களில் இதையேதான் கேட்கிறார்கள். துணிந்து பொலிஸ் நிலையம் வரை போகும் பெண்ணிடம், முறைப்பாட்டை எழுதுவதற்கு முன்பே "பிள்ளையளுக்காகச் சமாதானமாப் போங்கோ" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அதே மேசைக்கு ஓர் ஆண் போனால் சிரிக்கிறார்கள். இரண்டு பேருமே கட்டளை இல்லாமல்தான் வீடு திரும்புகிறார்கள். பாதிக்கப்பட்டவரின் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரே நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கும்போது, அந்த அதிகாரம் சமாதானம் பேசவும் சிரிக்கவும் செலவாகிறது.

எனவே சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன், ஆனால் அவர்கள் கேட்கும் திருத்தத்துக்காக அல்ல. உணர்வு ரீதியான வன்முறை என்று சட்டம் ஏற்பது பாரதூரமான, தொடர்ச்சியான கொடுமையை மட்டுமே. சம்பளத்தைப் பறிப்பதும், வங்கி அட்டையைப் பிடுங்கி வைப்பதும், வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும் ஒரு வன்முறையாகவே அதில் வரையறுக்கப்படவில்லை. பொருளாதார வன்முறை என ஒரு வரைவிலக்கணத்தைச் சேர்த்தால், மனைவியின் சம்பளத்தைப் பிடுங்கும் கணவனும் தகப்பனின் ஓய்வூதியத்தைப் பிடுங்கும் மகனும் ஒரே பிரிவுக்குள் வருவார்கள். பாதுகாப்புக் கட்டளை ஒன்று நடைமுறையில் இருக்கும் காலத்தில், தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொத்தைக் கையாளக் கணவனின் கையெழுத்துத் தேவையில்லை என்றும் எழுதப்பட வேண்டும். என் விருப்பத்தைக் கேட்டால், அந்தச் சம்மத விதியே முற்றாக நீக்கப்பட வேண்டும். இயற்றப்பட்டு நூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் அதைத் தொடாமல் வைத்திருப்பதற்கு யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகளும் அரசியல்வாதிகளும் சொல்லும் எந்தக் காரணமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.