ஒரே குழாயில் இரண்டு பம்புகள்

ஏப்ரல் 6

என் காரின் சூடான எஞ்சினை நிறுத்திச் சற்று நேரம் கழித்துக் கிளப்பினால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வந்து சேருவதில்லை. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப் பின்பக்க டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சியே எடுப்பதால், குழாயில் அழுத்தம் குறைந்து, கொதிநிலையும் இறங்கி, எஞ்சின் சூட்டில் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. டேங்கின் அருகே ஓர் எலக்ட்ரிக் பம்பை வைத்துப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும். பழைய பம்பைக் கழற்றுவதாக இல்லை.

ஏப்ரல் 9

அடுத்தடுத்து வைத்த இரண்டு பம்புகளின் அழுத்தமும் கூடி கார்புரேட்டர் வழியும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். என் மெக்கானிக்கல் பம்ப், டயாபிராம் என்னும் வளையும் சவ்வால் இயங்குவது. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எஞ்சினோடு சுழலும் கேம் ஷாஃப்ட் அசைக்கும் நெம்புகோல் டயாபிராமைக் கீழே இழுப்பதோடு சரி. பெட்ரோலை வெளியே தள்ளுவது அடியிலுள்ள ஸ்பிரிங்தான். ஆகவே பின்னாலிருந்து 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) வந்து, ஸ்பிரிங்கின் வலு 4 ஆக இருந்தால், கார்புரேட்டருக்குப் போவது 7 அல்ல, ஏறத்தாழ 4 மட்டுமே. மாறாக எலக்ட்ரிக் பம்பே 7 தருமானால், மெக்கானிக்கல் பம்பின் இரு வால்வுகளும் திறந்தபடியே கிடக்க, அந்த 7 அப்படியே, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை மூடும் ஃப்ளோட் வால்வின் ஊசியைத் தள்ளித் திறந்துவிடும். எனவே மெக்கானிக்கல் பம்பைவிடக் குறைந்த அழுத்தமுள்ளதைத் தேடுகிறேன். கையில் கிடைத்தது என்பதற்காக இன்ஜெக்‌ஷன் கார்களின் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சுபவை) பம்பை இங்கே மாட்ட நினைப்பதே ஆபத்து. அந்தப் பம்புகள் பொதுவாக 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் தருபவை.

ஏப்ரல் 13

மின்காந்தத்தால் துடிக்கும் சோலனாய்டு வகை எலக்ட்ரிக் பம்ப் ஒன்றை டேங்கின் மட்டத்துக்குக் கீழே, ஃபில்டருக்குப் பின் மாட்டினேன். கார்புரேட்டர் ஹோஸைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டு, எலக்ட்ரிக் பம்புக்கு மின்சாரம் தராமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றியபோது, பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. நின்றுபோன பம்ப் வழியை அடைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ரோட்டரி வகைகளில் சில அடைத்துக்கொள்ளும். அவற்றுக்கு ஒருவழி வால்வுடன் ஒரு சுற்றுக்குழாய் தேவைப்படும்.

பம்புக்கான மின்சாரத்தை ரிலே என்னும் மின்காந்த ஸ்விட்ச் வழியே எடுத்து, எஞ்சின் நின்று ஆயில் அழுத்தம் இறங்கினால் மின்சாரம் நிற்கும்படி ஆயில் பிரஷர் ஸ்விட்சோடு இணைத்தேன். விபத்தில் எஞ்சின் நின்றபின்னும் அறுந்த குழாய்க்குப் பெட்ரோல் தள்ளும் பம்பைப் போல் பயங்கரமானது வேறில்லை.

ஏப்ரல் 16

கார்புரேட்டருக்குப் போகும் குழாயில் டி-இணைப்பில் வைத்த அழுத்த கேஜ், இரண்டு பம்புகளும் ஓடும்போது 4 பி.எஸ்.ஐ.யைச் சற்றே தாண்டுகிறது. சூட்டில் நிறுத்திக் கிளப்பியபோது எஞ்சின் தயங்கவில்லை.

இனிக் கவனிக்க வேண்டியது டயாபிராமை. அது கிழிந்தால், முன்பு கசிவோடு நின்றிருக்கக்கூடிய பெட்ரோலை இப்போது எலக்ட்ரிக் பம்ப் எஞ்சின் ஆயிலுக்குள் இடைவிடாமல் தள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் புதிய டயாபிராமை மாற்றிவிட்டேன். ஆயில் அளக்கும் டிப் ஸ்டிக்கில் மட்டம் உயர்ந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ வண்டியை எடுக்கக் கூடாது.