மூளையைப் படம் பிடித்துப் பார்த்தோம்

என் அப்பா 33 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். நான் பெண்ணல்ல, பெண்ணாகப் பிறந்தும் ஆணாக உணரும் திருநம்பி என்று 2022-இல் என் 27-ஆம் வயதில் அவரிடம் சொன்னபோது, அவர் கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. நான்கு நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் காலையில் ஒரு தாளை என் முன் வைத்தார். நெதர்லாந்தில் டிக் ஸ்வாப் என்பவரின் குழுவினர் 1995-இல் திருநங்கையர் ஆறு பேரின் மூளைகளை அவர்கள் இறந்த பிறகு அறுத்துப் பார்த்ததாகவும், ஆணுக்குப் பெரிதாகவும் பெண்ணுக்குச் சிறிதாகவும் இருக்கும் ஒரு பகுதி அவர்களுக்குப் பெண்களுடையதைப் போலவே இருந்ததாகவும் அதில் குறித்து வைத்திருந்தார். "உனக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். இருந்தால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்" என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2017-இல் நான் யாருக்கும் தெரியாமல் ஒரு மருத்துவரிடம் போயிருந்தேன். அவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அனுப்பிவைத்தார். (இப்படி மாற்ற முயலும் 'சிகிச்சை' கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டது 2021-இல்தான்.) அப்படி ஒருமுறை திரும்பி வந்தவனுக்கு, மறுக்க முடியாத சான்று ஒன்று கையில் கிடைத்தால் போதும் என்று தோன்றுவது இயல்புதானே. புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் மையத்தில் 6,500 ரூபாய் கட்டி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. திரும்பும்போது பேருந்து முள்ளோடை எல்லையைத் தாண்டும்வரை அப்பா வாய் திறக்கவில்லை. பிறகு, "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். நல்ல செய்தியைக் கேட்டு நான் அழுதது அன்றுதான்.

அடுத்த மாதம் புதுச்சேரியிலேயே ஒரு மனநல மருத்துவரிடம் அந்தப் படத்தோடு போனோம். அம்மையார் உறையைப் பிரிக்கவே இல்லை. அந்த ஆய்வில் பேசப்படும் பகுதி சில கன மில்லிமீட்டர் அளவே உள்ளது என்றும், இறந்தவரின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் அளந்ததைச் சாதாரண ஸ்கேனில் தேட முடியாது என்றும் சொன்னார். அப்பா விடவில்லை, ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் இடையே அரைமணி நேரம் வகுப்பு நடந்தது. அந்த ஆறு பேரில் திருநம்பி ஒருவரும் இல்லை. 2000-இல் அதே குழு நரம்பணுக்களை எண்ணியபோதுதான் ஒரே ஒருவர் சேர்க்கப்பட்டார். ஆராயப்பட்ட திருநங்கையர் ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்கள் என்பதால், வேறுபாடு பிறவியிலேயே இருந்ததா, மருந்தால் வந்ததா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மருந்து காரணமல்ல என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். ஆனால் அந்தப் பகுதியின் ஆண் பெண் அளவு வேறுபாடு வயது வந்த பிறகே தெளிவாகிறது என்று 2002-இல் அதே நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. நானோ ஆறு வயதில் பாவாடை கட்ட மறுத்து அடி வாங்கியவன். 2015-இல் இஸ்ரேலின் டாஃப்னா ஜோயல் குழுவினர் 1,400-க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை ஆராய்ந்து, பெரும்பாலான மூளைகள் ஆண் தன்மையும் பெண் தன்மையும் கலந்தவையே என்றார்கள். அதற்கும் மறுப்புகள் வந்தன. கூட்டங்களுக்கிடையே சராசரி வேறுபாடு இருப்பதை ஏற்றாலும், அதைக் கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை இன்னார் என்று சொல்ல முடியாது என்பதே மருத்துவர் சொன்னதன் சாரம். "பிறகு எதை வைத்துத்தான் முடிவு செய்கிறீர்கள்?" என்று அப்பா கேட்டார். "இவர் சொல்வதைக் கேட்டுத்தான், சார். தலைவலியையும் அப்படித்தானே கண்டுபிடிக்கிறோம்" என்றார் மருத்துவர்.

அதன்பின் பல மாதங்கள் பேச்சுதான்: சிறு வயது, மாதவிடாய், கண்ணாடி, தனிமை, தற்கொலை எண்ணம், பிற்காலத்தில் பிள்ளை வேண்டுமா என்ற கேள்வி. இந்தக் கடைசிக் கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. இதற்கிடையே மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்து, மாவட்ட ஆட்சியர் வழங்கும் திருநர் அடையாளச் சான்றிதழும் பெற்றேன். அப்போதைய விதிகளின்படி அதற்கு மருத்துவப் பரிசோதனை கேட்கவில்லை, உறுதிமொழிப் பத்திரமே போதுமானதாக இருந்தது.

ஹார்மோன் ஊசி தொடங்கி ஓராண்டு ஆன நிலையில், 2024 ஏப்ரலில் அப்பா மறுபடியும் ஒரு செய்தித்தாள் துண்டோடு வந்தார். இங்கிலாந்தில் ஹிலரி காஸ் என்ற குழந்தைநல மருத்துவர் அளித்த அறிக்கை, பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்கான சான்றுகள் வலுவற்றவை என்று கூறியிருந்தது. பின்லாந்தும் ஸ்வீடனும் முன்பே அந்த வகையில் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்திருந்தன. அமெரிக்க மருத்துவர் அமைப்புகள் பலவோ மாறான கருத்தில் நின்றன. வளரும் பிள்ளைகள் விஷயத்தில் மருத்துவர்கள் நிதானம் காட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வழக்கில் 29 வயதான நான் வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அப்படியானால் என் வயதுக்காரர்களுக்கு என்ன ஆபத்து என்று கேட்டார். நான் ஊசியாக எடுத்துக்கொள்ளும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டி இரத்தத்தைத் தடிக்கச் செய்யலாம், கொழுப்பின் அளவையும் மாற்றலாம், ஒருமுறை கனத்துப்போன குரல் மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது என்று மருத்துவர் என்னிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

இப்போது ஒவ்வொரு முறை இரத்தப் பரிசோதனை முடிவு வரும்போதும், ஹீமோகுளோபினையும், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹிமடோகிரிட்டையும் அப்பாதான் முதலில் வாங்கிப் பார்த்துத் தம் பழைய பாடக்குறிப்பு நோட்டில் தேதிவாரியாகக் கோடு போட்டு எழுதுகிறார். எம்.ஆர்.ஐ. படம் பீரோவின் மேல், பஞ்சாங்கங்களுக்கு அடியில் கிடக்கிறது.