கானோவின் ஆகஸ்ட், நம்ம ஊர் ஐப்பசி

மதுரை மாதிரி வெயிலும் மழையும் உள்ள ஊர்களைத் தேடி, அங்கே விளைவதையும் சமைப்பதையும் இங்கே கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்டு சராசரியில்தான் சறுக்குகிறார்கள். மதுரைக்கு ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதே அளவு மழை பெய்கிற ஊர்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. அந்த மழை எந்த மாதத்தில், எத்தனை டிகிரி சூட்டில் பெய்கிறது என்பதைப் பொறுத்தே பயிர் அமையும்.

மத்தியதரைக்கடல் ஓரத்து ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் அக்டோபரில் மழை தொடங்கும், கோடை வறண்டு கிடக்கும். அதை நம்பி ஆலிவ் கன்று வாங்கி நட்டால் மரம் வளரும், இலை விடும், பூக்காது. ஆலிவ் பூப்பதற்குக் குளிர்காலக் குளிர் வேண்டும். நமக்கோ மார்கழி, தை இரவிலேயே சராசரி 20 டிகிரி சுமாருக்கு இருக்கும். உலகத்து ஊர்களைத் தட்பவெப்பம் பார்த்து வகை பிரிக்கும் கோப்பன் வகைப்பாட்டை மட்டும் நம்புவதும் இதே கதைதான். அதில் மதுரை சவன்னாவுக்கும் (வெப்பமண்டலப் புல்வெளி வகை) அரை வறட்சிக்கும் இடையே எல்லைக்கோட்டில் நிற்கிற ஊர். ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் பிரேசில் தலைநகர் பிரேசிலியாவும் சவன்னா வகைதான். ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் சூடு ஏறத்தாழ 6 டிகிரி குறைந்துவிடும்.

ஒரு தாளும் பேனாவும் போதும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 30 ஆண்டு சராசரியிலிருந்து மதுரையின் 12 மாத மழை, பகல் உச்சம், இரவுத் தாழ்வு மூன்றையும் எழுதுங்கள். அதிக மழை பெய்யும் மாதத்தை 1 என்று வைத்து, அடுத்தடுத்து வரும் மாதங்களை 2, 3 என்று எண்ணுங்கள். நமக்கு அக்டோபர்தான் 1. ஒப்பிட நினைக்கும் ஊருக்கும் அப்படியே எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு மண். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலுக்கும் மேலூர்ச் செம்மண்ணுக்கும் ஒரே ஊரைக் காட்டிப் பயனில்லை.

வடக்கு நைஜீரியாவின் கானோவுக்கு இப்படிப் போட்டால் ஆகஸ்ட் 1 ஆகும். அவர்கள் ஆகஸ்ட் நம்ம ஐப்பசி. அங்கே தட்டப்பயறு முக்கியப் பயிர், இங்கேயும் நன்றாக வரும். சிக்கல் அறுப்பில். கானோவில் செப்டம்பரோடு மழை சட்டென்று நின்று, சகாராவிலிருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கும். நெற்று செடியிலேயே காய்ந்துவிடும். நமக்கு உச்ச மாதம் முடிந்த பிறகும் கார்த்திகை முழுக்க ஈரம். அவர்கள் கணக்கை அப்படியே நகர்த்திப் புரட்டாசித் தொடக்கத்தில் 65 நாள் ரகம் விதைத்தால், நெற்று பழுக்கும்போது அடைமழை; பூஞ்சணம் பிடித்துப் பயறு நெற்றுக்குள்ளேயே முளைக்கும். ஐப்பசிக் கடைசியில் விதைத்துத் தைப் பொங்கலை ஒட்டிப் பறிப்பதே சரி.

விதையைவிடப் பக்குவம் சுலபமாக வந்து சேரும். கானோவின் ஹவுசா மக்கள் முருங்கைக்கீரையை ‘சோகாலே’ என்பார்கள். மரம் இந்தியாவிலிருந்து போனது, பக்குவம் அவர்களுடையது. கீரையை வேகவைத்து, எண்ணெய் பிழிந்த நிலக்கடலை விழுதைப் பொரித்துச் செய்யும் ‘குலிகுலி’யை இடித்துப் பிசைவார்கள். இங்கே செய்ய: உருவிய கீரை இரண்டு கை நிறைய எடுத்து, கொதிநீரில் 10 நிமிடம் வேகவிட்டு ஒட்டப் பிழியுங்கள். தண்ணீர் நின்றால் எல்லாம் சேறாகிவிடும். 100 கிராம் வறுத்த நிலக்கடலையைத் தோல் நீக்கி, மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகும். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், வத்தல் பொடி, உப்பு, இரண்டு டீஸ்பூன் கடலெண்ணெய் போட்டுக் கையாலேயே பிசையுங்கள். தாளிப்பு தேவையில்லை. குலிகுலிக்குப் பதில் மாட்டுப் பிண்ணாக்கைத் தொடவே கூடாது. பூஞ்சண நஞ்சு இருக்கும்.

உண்மையில் நமக்கு மிக நெருக்கமான ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாழ்ப்பாணம்தான். அதே அட்சக்கோடு, அதே வடகிழக்குப் பருவமழை, அதே பனைமரம். மழை மட்டும் நம்மைவிடக் கூடுதல். நாம் பனங்கிழங்கை அவித்துத் தின்பதோடு நிறுத்திவிடுகிறோம். அவர்கள் பச்சையாகக் காயவைத்து ஒடியல், அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் என்று வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். பொங்கல் முடிந்ததும் சந்தையில் கிழங்கு மலிந்து கிடக்கும்போது வாங்கித் தோலுரித்து, நெடுக்காக இரண்டாக வகிர்ந்து, நடுவிலுள்ள குருத்தையும் தும்பையும் எடுத்துவிட்டு ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். சாயங்காலமே உள்ளே எடுத்துவிட வேண்டும். தைப் பனியில் ஒரு ராத்திரி கிடந்தால் மறுநாள் கரும்புள்ளி தெரியும். வளைத்தால் வளையாமல் டக்கென்று முறிந்தால் அரைக்கலாம்.

ஒடியல் மாவு கசக்கும். 100 கிராம் மாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல்தண்ணீரைக் கொட்டி, இன்னொரு தடவையும் இப்படிச் செய்ய வேண்டும். இதைச் சோம்பலில் விட்டவர்கள்தான் ஒடியல் கூழ் வாய்க்கு விளங்கவில்லை என்கிறார்கள். கூழுக்கு மீன், நண்டு, மரவள்ளி, பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் வெந்து, அரைத்த வத்தலும் புளியும் சேர்ந்த பிறகே கரைத்த மாவை ஊற்றுங்கள். முன்னாலேயே ஊற்றினால் அடிபிடிக்கும், மரவள்ளியும் வேகாது.

மெக்சிகோவின் யுகடான் தூரம்தான். 21 டிகிரி வடக்கு என்பதால் பகல் நீள வித்தியாசம் நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல். பகல் நீளம் பார்த்துப் பூக்கும் பயிரை அங்கிருந்து எடுக்க வேண்டாம். அங்கத்திய சாயா என்ற கீரைச்செடி இலைக்காக வளர்ப்பது, அதனால் தாராளமாக எடுக்கலாம். ஒரு அடி நீளக் குச்சியை வெட்டி, பால் காய நாலைந்து நாள் நிழலில் போட்டு, செம்மண்ணில் நடுங்கள். தண்ணீர் தேங்கும் கரிசலில் அழுகும். பச்சை இலையில் சயனைடு உண்டு, ஆகவே ஜூஸ் அடிக்கக் கூடாது. மூடி போடாமல் 20 நிமிடம் கொதித்த பிறகு, பருப்புப் போட்டுக் கடைவதோ பொரியலோ உங்கள் விருப்பம்.