கல்லடியில் இரண்டு ஏடிஎம் சுவிட்ச்: சேர்க்கிட் எமுலேஷன் கார்ட் சரிவந்த விதம்

போன மாசம் கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் நிறைக்கு விற்கக் கிடந்த இரண்டு ஏடிஎம் சுவிட்ச்களை வாங்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிற வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வங்கி வாசலில் காசு எடுக்கிற ஏடிஎம் இல்லை இது. டெலிபோன், தரவு, வீடியோ மூன்றையும் ஒரே வலையமைப்பில் ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதற்கென்று 1990களில் பெரிதாகப் பேசப்பட்ட தொழில்நுட்பம். எதைக் கொடுத்தாலும் 53 பைட் செல்லாக வெட்டி அனுப்பும். 5 பைட் தலைப்பு, 48 பைட் சரக்கு. ஐரோப்பியர் 32 கேட்க, அமெரிக்கர் 64 கேட்க, நடுவில் 48இல் வந்து நின்ற எண் அது.

எனக்கு வேண்டியிருந்தது ஒவ்வொரு சுவிட்சிலும் செருகியிருந்த சேர்க்கிட் எமுலேஷன் கார்ட். நாலு ஈ1 போர்ட். ஈ1 என்பது செக்கனுக்கு 8000 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமிலும் 32 டைம்ஸ்லொட், ஒவ்வொரு ஸ்லொட்டிலும் 8 பிட், ஆக 2.048 மெகாபிட். இந்த ஓட்டம் ஒரு கணமும் நிற்காது. கார்ட் அதை வாங்கி, செல்களாக வெட்டி, மற்ற முனையில் திரும்ப ஒட்டி, இரண்டு பக்கத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் ‘நடுவில் வெறும் வயர்தான் இருக்கு’ என்று நம்பும்படி கொடுக்க வேண்டும். 25 வருசத்துக்கு முந்திய கார்ட் இதை இன்னும் செய்யுமா என்று பார்க்க ஆசை. முனைகளுக்கு ஈ1 கார்ட் போட்ட இரண்டு பழைய கொம்பியூட்டர், இரண்டிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை செய்கிற அஸ்டெரிஸ்க் மென்பொருள், ஆளுக்கொரு டெலிபோன். ஒன்று என் அறையில், மற்றது முன் விறாந்தையில். சுவிட்ச் இரண்டுக்கும் நடுவில் 155 மெகாபிட் ஃபைபர்.

முதல் வாரம் துப்புரவு செய்வதிலேயே போனது. கடற்கரையிலிருந்து எங்கள் வீடு நடந்துபோகிற தூரம். கல்லடிக் காற்று ஆணியையே தின்னும். வெளியே திறந்து வைத்த கார்டின் தொடுமுனைகளில் மூன்றாம் நாளே மங்கல் தெரிந்தது. ஐசோபுறொபைல் அல்ககோல் தொட்ட துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, வேலை இல்லாத நேரம் பொலித்தீனில் சுற்றி வைத்தேன். இந்த உப்புப் பயம் பிறகு என்னைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

வயரில் ஒரு பிழை விட்டேன். ஈ1 போர்ட்டும் இதர்நெட் மாதிரியே எட்டு முள் சொக்கெட். வீட்டில் கிடந்த இதர்நெட் குறொஸ் வயரைச் செருகினேன், சிவப்பு லைட் அணையவேயில்லை. இதர்நெட்டில் 1, 2 போய் 3, 6இல் சேரும். ஈ1இல் 1, 2 போய் 4, 5இல் சேர வேண்டும். தலையை வெட்டிப் புதிதாக அடித்துச் செருகியதும் சிவப்பு போய் மஞ்சள் வந்தது. கொம்பியூட்டர் பக்கம் பிழை பார்க்கிற சிஆர்சி4 முறையைப் போட்டிருந்தேன், கார்ட் பக்கம் போடவில்லை. அதையும் ஒன்றாக்கிய பிறகுதான் பச்சை.

அடுத்து சேவை வகை. இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஈ1க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் 2.048 மெகாபிட்டையும் அப்படியே அள்ளிப் போடுவது. ஒரு செல்லில் சரக்கு 48 பைட் என்றாலும் இந்த ஓட்டத்தைச் செல்லில் ஏற்றுகிற ஏஏஎல்1 முறை வரிசை எண்ணுக்கு ஒரு பைட் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 47. கணக்குப் பார்த்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 5447 செல், தலைப்பும் சேர்த்து 2.31 மெகாபிட். பிட் ஓடுகிற வேகத்தைப் பிடித்து வைக்கிற குளொக்கை அடப்டிவ் முறையில் விட்டேன், அதாவது வந்த செல்களைத் தேக்கி வைக்கிற பஃபர் நிறைகிற வேகத்தைப் பார்த்துக் கார்டே வேகத்தைக் கண்டுபிடிக்கும். முதல் அழைப்பே எடுபட்டது. விறாந்தையில் போன் அடித்த சத்தம் கேட்டபோது இருக்கையை விட்டு எழும்பிவிட்டேன்.

மற்ற வழி, வேண்டிய டைம்ஸ்லொட்டை மட்டும் பொறுக்கி அனுப்புவது. இரண்டு டெலிபோனுக்குப் பேச்சுக்கு ஒரு ஸ்லொட், அழைப்பைத் தொடங்கி முடிக்கிற சிக்னலுக்கு 16ஆவது ஸ்லொட், அவ்வளவும் போதும். மாற்றினேன். அழைப்பு போனது, குரலும் வந்தது. ஆனால் பேச்சுக்கு நடுவில் ‘டிக்’ என்று ஒரு சொட்டு.

உப்புத்தான் என்று முடிவு கட்டினேன். இரண்டு நாள் கார்டைக் கழற்றிக் கழற்றித் துடைத்தேன். ஃபைபர் முனையைத் துடைத்தேன். தொலைந்த செல் கவுண்டர் பூச்சியத்திலேயே நின்றது. சொட்டு நிற்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் மச்சான் வந்தார். வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவர். விறாந்தைப் போனை அவர் காதில் கொடுத்து, அறையிலிருந்து அவருடைய மத்தளப் பதிவு ஒன்றையே போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தொடையில் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“மச்சான், இது இரைச்சல் இல்ல. இரைச்சல் எண்டா கண்டபடிக்கு விழும். இது கணக்கா விழுகுது. இந்தா இப்ப விழும் பாருங்க” என்றார். விழுந்தது.

மணிக்கூட்டை வைத்து எண்ணினோம். 9 செக்கனுக்கு ஒரு தரம். உப்பும் துருவும் நேரம் பார்த்து வேலை செய்யாது. வேகம் பொருந்தாத இரண்டு குளொக் ஒன்றையொன்று உரசினால்தான் இப்படி வரும். ஒரு ஃபிரேமின் நீளம் 125 மைக்ரோ செக்கன். இரண்டுக்கும் இடையில் அவ்வளவு தூரம் விலகியதும் கார்ட் ஒரு ஃபிரேமை விழுங்கும், அல்லது ஒன்றை இரட்டிக்கும். 125 மைக்ரோ செக்கன் விலக 9 செக்கன் எடுத்தால் வித்தியாசம் பத்து லட்சத்தில் 14 பங்கு. ஈ1க்கு அனுமதித்த எல்லை பத்து லட்சத்துக்கு 50 கூட அல்லது குறைய. ஆக எந்தக் கருவியும் பழுதில்லை. ஆளுக்கொரு தாளம் போட்டிருக்கின்றன, அவ்வளவும்தான். கூத்துக் களரியில் ஆட்டத்தை நடத்துகிற அண்ணாவியார் ஒருவர்தான் இருப்பார். எனக்கு இங்கே மூன்று பேர்: அறைக் கொம்பியூட்டர், முதல் சுவிட்ச், இரண்டாம் சுவிட்ச்.

முழு ஈ1ஐ அள்ளி அனுப்பியபோது ஏன் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அடப்டிவ் முறையில் கார்ட் கொம்பியூட்டரின் வேகத்துக்கே ஓடியது. ஸ்லொட் பொறுக்கி அனுப்பும்போது அந்த வசதி இல்லை, எல்லாமே ஒரு பொதுக் குளொக்கில்தான் நிற்க வேண்டும். ஏடிஎம் ஃபோரம் 1997 ஜனவரியில் வெளியிட்ட சேர்க்கிட் எமுலேஷன் விதிமுறையும் அப்படித்தான் சொல்கிறது. அதை நான் முதலே வாசித்திருந்தேன். வாசித்தது காதில் விழுந்த சொட்டோடு சேர இவ்வளவு நாள் எடுத்தது.

கொம்பியூட்டரின் அமைப்புக் கோப்பில், ஈ1 போர்ட்டைக் குறிக்கிற ஸ்பான் வரியின் இரண்டாவது எண்தான் குளொக். அறைக் கொம்பியூட்டரில் அது 0, அதாவது தன் தாளமே தாளம். அதை 1 ஆக்கி, வயரில் வருகிற குளொக்கைப் பின்பற்ற வைத்தேன். முதல் சுவிட்சின் உள் குளொக்கை அண்ணாவியார் ஆக்கினேன். 9 செக்கன் சொட்டு உடனே நின்றது.

அன்றிரவு பதிவை மணிக்கணக்கில் ஓடவிட்டேன். 6 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன வெட்டு. இது முந்திய சொட்டு மாதிரி இல்லை, மத்தளத்தின் ஒரு அடியே மழுங்கிப்போகிற வெட்டு. கவுண்டரைத் திறந்தால் ஒரு சுவிட்சில் பஃபர் வறண்ட எண் ஏறிக்கொண்டு போகிறது, மற்றதில் பஃபர் நிரம்பி வழிந்த எண். இரண்டும் சேர்ந்து ஏறினால் வேறு எதையும் தேட வேண்டாம், இரண்டு சுவிட்சின் குளொக்கும் பொருந்தவில்லை. செல் முன்பின்னாக வருவதைத் தாங்க 2000 மைக்ரோ செக்கன் பஃபர் வைத்திருந்தேன். நடுவிலிருந்து விளிம்புக்கு 1000. அதை 6 நிமிடத்தில் கடந்தால் வித்தியாசம் பத்து லட்சத்தில் 3 பங்குக்குக் கிட்ட. பஃபரைப் பெரிதாக்கினால் வெட்டு தள்ளிப்போகும், நிற்காது, தாமதமும் கூடும். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டாம் சுவிட்சை ஃபைபர் போர்ட்டில் வருகிற குளொக்கை எடுக்கச் சொன்னேன். இரண்டே வரிக் கட்டளை.

இன்னொரு மாற்றமும் செய்தேன். பேச்சு ஸ்லொட்டைத் தனிச் சேர்க்கிட்டாகவும் 16ஐத் தனியாகவும் வைத்திருந்தேன். ஒற்றை ஸ்லொட் 125 மைக்ரோ செக்கனுக்கு ஒரு பைட்தான் தரும், 47 பைட் நிறைய 5.875 மில்லி செக்கன் காத்திருக்க வேண்டும். 1 முதல் 31 வரை எல்லாவற்றையும் ஒரே சேர்க்கிட்டாகக் கட்டினால் செல் ஏறத்தாழ 190 மைக்ரோ செக்கனில் நிறைந்துவிடும். ஃபைபரில் இடம் தாராளமாக இருக்கும்போது தனித்தனியாகப் பிரிக்கக் காரணமே இல்லை.

நடுவில் ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. சுவிட்ச் பழைய அமைப்போடு எழும்பியது, நான் சேமிக்க மறந்திருந்தேன். திரும்ப அடிக்க முக்கால் மணித்தியாலம்.

வெள்ளி இரவு கவுண்டர்களைப் பூச்சியமாக்கி விட்டுவிட்டுத் திங்கள் இரவு பார்த்தேன். 72 மணித்தியாலம். ஃபிரேம் சறுக்கல் 0, வறண்டது 0, வழிந்தது 0. மச்சானை வரச் சொல்லிப் போனைக் காதில் கொடுத்தேன். பதிவு முடியும்வரை கேட்டார். “ரெண்டாவது தாளக்கட்டில இடக்கை கொஞ்சம் பிந்துது, அது நான் விட்ட பிழை” என்று சொல்லிப் போனை வைத்தார்.

அடுத்ததாக ஒற்றை ஸ்லொட்டையே 20 பைட் மட்டும் நிரப்பி அனுப்பிப் பார்க்கப் போகிறேன். தாமதம் 2.5 மில்லி செக்கனாகக் குறையும், ஆனால் 64 கிலோபிட் குரலுக்கு 170 கிலோபிட் செலவாகும். அதற்கு முதல் இரண்டாம் சுவிட்சின் மின்விசிறிக்கு எண்ணெய் விட வேண்டும், இரவில் அது போடுகிற சத்தத்தில் வீட்டில் ஒருவருக்கும் நித்திரையில்லை.