குறைந்தது ஒரு மணி நேரம்

2023-ல் வெயில் தாங்காமல் பள்ளி திறப்பையே ஜூன் 12-க்குத் தள்ளி வைத்தார்களே, அந்தச் சமயத்தில் நடந்தது. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே மொட்டை மாடிதான், அதனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சீலிங் ஃபேன் அடுப்படிக் காற்றைத்தான் இறக்கிக்கொண்டிருக்கும். ஏ.சி. இருக்கிறது. ரிமோட் மட்டும் என் மனைவியின் தலையணைக்கு அடியில் இருக்கும். எல்லாம் அந்த 500 யூனிட் பயம்தான்.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்போது இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக விலை ஏறும், ஆனால் 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் 101-லிருந்து 200 வரைக்கான சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். 500 வரை சரி, 501 ஆனால் போச்சு.

அன்றைக்கு மீட்டரைப் பார்த்து, அட்டையில் போன முறை எழுதியிருந்ததைக் கழித்தேன். 40 நாளில் 410 யூனிட். இன்னும் 20 நாள் பாக்கி. உள்ளே வந்தால் மகள் நோட்டை விரித்து அசமன்பாடு, அதாவது 'இதைவிடப் பெரிது, சிறிது' கணக்கு, போட்டுக்கொண்டிருக்கிறாள் (பதினொன்றாம் வகுப்பு, பள்ளி திறக்கவில்லை, டியூஷன் திறந்துவிட்டது). "இதெல்லாம் எதுக்குப்பா படிக்கணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இருபது வருஷமாகக் காத்திருந்தவன்போல அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினேன்.

ஏ.சி. ஒரு நாளைக்கு ஓடும் நேரம் 'ம' மணி என்று வைத்துக்கொண்டேன். ஃப்ரிட்ஜ், ஃபேன், மிக்சி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 3 யூனிட், 20 நாளைக்கு 60. ஏ.சி. மணிக்கு ஒன்றரை யூனிட், 20 நாளைக்கு 30ம. இதையெல்லாம் 500-லிருந்து கழித்தாலும் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது.

500 − 410 − 60 − 30ம ≥ 0

அதாவது 30 − 30ம ≥ 0. முப்பதை அந்தப் பக்கம் தள்ளினால் −30ம ≥ −30. இரண்டு பக்கமும் −30-ஆல் வகுத்தேன்.

ம ≥ 1.

"பார்த்தியா, ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஏ.சி. போடணும்னு கணக்கே சொல்லுது" என்று வீடே கேட்கும்படி அறிவித்தேன். மகள் வாய் திறக்கவில்லை. அவளுக்கும் வியர்த்துக்கொண்டுதானே இருந்தது! மனைவி மட்டும் குக்கர் மூடியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, ஏ.சி. ஓட ஓட கரண்ட் மிச்சமாகுமா?" என்றாள். கணக்கு பொய் சொல்லாது என்று ரிமோட்டை வாங்கிக்கொண்டேன். அவள் பி.காம்., நான் இன்ஜினியர், வேறென்ன சொல்ல.

நாலு ராத்திரி. ஒவ்வொன்றிலும் ஆறு மணி நேரம். அம்மாகூட போர்வை கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் டியூஷனிலிருந்து வந்த மகள் செருப்பைக் கழற்றுவதற்குள், "அப்பா, மைனஸால வகுத்தா குறியைத் திருப்பணும்" என்றாள். மாஸ்டர் சொன்ன விளக்கம் எனக்கே புரிந்துவிட்டது: கையில் 3 ரூபாய் இருப்பவன் 2 ரூபாய் இருப்பவனைவிட மேல், ஆனால் 3 ரூபாய் கடன்காரன் 2 ரூபாய் கடன்காரனைவிடக் கீழ். மைனஸ் வந்ததும் வரிசையே தலைகீழாகிவிடுகிறது. ஆக ம ≤ 1. குறைந்தது இல்லை, அதிகபட்சம் ஒரு மணி நேரம். "30ம-வை அந்தப் பக்கம் கொண்டு போயிருந்தா 30 ≥ 30ம-ன்னு வந்திருக்கும், மைனஸ் பிரச்சினையே கிடையாது. இல்லாட்டி ம-வுக்கு ஒரு 5 போட்டுப் பார்த்திருக்கலாம். 30-ல 150 போனா பூஜ்யத்துக்கு மேலயா இருக்கும்?" இதை நாலு நாள் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "அப்ப தூக்கம் வந்துச்சு" என்றாள்.

சரி, இப்போதைய நிலவரம் என்ன என்று புதுசாகப் போடச் சொன்னேன். நாலு நாளில் 48 யூனிட், ஆக மொத்தம் 458. பாக்கி 16 நாளுக்கு ஃப்ரிட்ஜுக்கும் ஃபேனுக்குமே 48 வேண்டும். ஏ.சி.க்கு 24ம. 500 − 458 − 48 = −6. இந்தத் தடவை அவளே மைனஸைப் பத்திரமாகக் கடத்தி, குறியைச் சரியாக வைத்து, விடையின் கீழே இரண்டு கோடு போட்டாள்.

ம ≤ −0.25.

"அப்படின்னா?" என்றாள் மனைவி.

"தினமும் மைனஸ் கால் மணி நேரம் ஏ.சி. போடலாம்மா."

"நாம ஈ.பி.க்குக் கரண்ட் குடுக்கணுமாக்கும்" என்று நான் சிரித்துப் பார்த்தேன், யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அதுவரை ஊஞ்சலில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஏன்டா, போடாட்டியும் 500 தாண்டிடும்னுதானே சொல்றா? தாண்டினது தாண்டியாச்சு, இன்னிக்கும் போட்டுடேன்" என்றாள்.

மனைவி ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, பின்மூடியைத் தள்ளி, பேட்டரி இரண்டையும் உருவி டி.வி. ரிமோட்டில் போட்டுக்கொண்டு சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.